எல்லை தாண்டும் சின்னம்மை: வளர்ந்தவர்களுக்கே ஆபத்து அதிகம்

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஒரு செய்தி காதோடு காதாக நடமாடும். "அந்த வீட்டில் அம்மை விளையாடுகிறாள்." அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வாசலில் வேப்பிலை செருகப்படும். அடுப்பில் தாளிக்கும் ஓசை நிற்கும். வந்த விருந்தாளி வாசலோடு திரும்பிப் போவார். அடுத்த வீடு மலையாளக் குடும்பம் என்றால் அங்கே அதற்குப் பெயர் சிக்கன்பாக்ஸ். தமிழில் சின்னம்மை என்றும் சிச்சிலுப்பை என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றே.

"குழந்தைகளுக்கு வருவது, தானே வந்து தானே போய்விடும்" என்பதுதான் இந்த நோயைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள எண்ணம். குழந்தைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் வெப்ப நாடுகளில் இந்த நோய் குழந்தைகளோடு நிற்பதில்லை. உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் இருப்பவரையும், தாயாகப் போகும் இளம் பெண்ணையும் அது தேடிப் பிடிக்கிறது. அவர்களிடத்தில் அது காட்டும் முகமே வேறு.

பெரியம்மை போயிற்று, சின்னம்மை நின்றது

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அம்மை குத்தும் வழக்கம் ராணி கௌரி லட்சுமிபாய் காலத்தில், 1813-ல் ஆரம்பமாயிற்று. 1879-ல் வந்த அரச விளம்பரம் அரசு ஊழியர்களும் மாணவர்களும் சிறைக்கைதிகளும் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றது. 1930-களில் அமெரிக்க ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு கிராம சுகாதார யூனிட் ஒன்று நெய்யாற்றின்கரையில் இயங்கியது. பொது சுகாதாரம் என்ற சொல் நாட்டின் பல பகுதிகளில் கேள்விப்படாத காலத்திலேயே இந்த மண்ணில் அதற்கான வேலை நடந்திருக்கிறது.

அந்த முயற்சியெல்லாம் வைசூரி என்னும் பெரியம்மைக்கு எதிரானது. 1975-ல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1977-ல் சர்வதேசக் குழு ஒன்று நாட்டைச் சுற்றிப் பார்த்து, "இந்தியாவில் பெரியம்மை இல்லை" என்று சான்று அளித்தது. 1980 மே மாதத்தில் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் சுகாதார ஊழியர்கள் பெரியம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெரியம்மை பற்றிய தகவல் தருவோருக்கு 1,000 ரூபாய் பரிசு என்றும் அறிவிப்பு வந்தது. அப்படி வந்த தகவல்களை ஓடிப்போய்ப் பார்த்தால், பல இடங்களில் படுத்திருந்தது சின்னம்மை நோயாளிதான்!

இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதை லண்டன் டாக்டர் வில்லியம் ஹெபர்டன் 1767-லேயே தெளிவாக எடுத்துரைத்தார். பெரியம்மையில் முகத்திலும் கை கால்களிலும் கொப்புளங்கள் மிகுதி. உள்ளங்கை, உள்ளங்காலில்கூட வரும். எல்லாக் கொப்புளங்களும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் மார்பிலும் முதுகிலும்தான் மிகுதி. ஒரே உடம்பில் ஒரு பக்கம் புதிய சிவப்புப் புள்ளி, ஒரு பக்கம் நீர் கோத்த முத்து, இன்னொரு பக்கம் காய்ந்த பொருக்கு என்று எல்லாம் சேர்ந்து காணும். கிருமிகளின் குலமும் வேறு. எனவே தோளில் பழைய அம்மைத் தழும்பு உள்ள பெரியவர்கள், "எனக்குத்தான் சின்ன வயதில் குத்தியாயிற்றே" என்று நிம்மதி கொள்வதில் பொருளில்லை. அந்தத் தழும்பு சின்னம்மையைத் தடுக்காது.

முத்து தெரியும் முன்பே...

சின்னம்மைக் கிருமி காற்றில் வருகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளில் இருக்கிறது. கொப்புளத்து நீரிலும் இருக்கிறது. நோய் இல்லாத ஒருவர் அதை மூச்சில் இழுத்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. 10 நாளிலிருந்து 21 நாள் வரை, பெரும்பாலும் இரண்டு வாரம், உடம்பினுள் அமைதியாக வளரும். பிறகு உடல் வலி, காய்ச்சல், அதன்பின் முத்து.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதல் முத்து தெரிவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே அவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். வாசலில் வேப்பிலை ஏறும்போது பாதிக் காரியம் முடிந்துவிட்டது!

காரோடு பஞ்சாயத்திலிருந்து களியக்காவிளைக்கு வாழைக்குலை கொண்டுபோகும் ஒரு வியாபாரியை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை அவருக்கு லேசான அசதி. சந்தைக்குப் போகிறார். பேருந்தில் நெரிசல். செவ்வாய்க்கிழமை மார்த்தாண்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பந்தியில் உட்காருகிறார். புதன்கிழமை காலை மார்பில் நாலைந்து முத்துக்கள். அன்றிலிருந்து அவர் வீட்டோடு அடக்கம். ஆனால் திங்களும் செவ்வாயும் அவர் பேசிச் சிரித்தவர்களில் யார் யார், எந்த மாநிலத்தில், இரண்டு வாரம் கழித்துப் படுக்கப் போகிறார்கள் என்பதை யார் கண்டுபிடிப்பது?

இந்த வட்டாரத்தின் சங்கடம் இதுதான். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு விழுந்தது. கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. இந்தப் பக்கம் காரோடு, கொல்லயில், செங்கல், வெள்ளறடை. அந்தப் பக்கம் மெதுகும்மல், பளுகல், கொல்லங்கோடு, இடைக்கோடு. பெண் எடுப்பதும் கொடுப்பதும், படிப்பும், வேலையும், கோயில் திருவிழாவும் கோட்டைத் தாண்டித்தான் நடக்கின்றன. மாசிக் கொடைக்கு மண்டைக்காடு பகவதியைத் தரிசிக்கக் கேரளத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவதும் இதே பருவத்தில்தான்.

வைத்தியத்துக்கும் அப்படியே. ஒருவர் பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கோ நெய்யாற்றின்கரைக்கோ போவார். இன்னொருவருக்குக் குழித்துறை பக்கம். போகிற ஆஸ்பத்திரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக் கணக்கில் அவர் ஏறுகிறார். ஒன்றிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் வந்தது முதல் மாவட்ட வாரியாகக் கணக்கு எடுக்கிறார்கள். ஆனால் ஒரே பந்தியில் உட்கார்ந்து நோய் வாங்கிய இருவரில் ஒருவர் திருவனந்தபுரம் கணக்கிலும் மற்றவர் நாகர்கோவில் கணக்கிலும் இருந்தால், இருவரையும் இணைக்கும் நூல் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டிலேயே தண்ணீர் விட்டுக்கொள்பவரோ எந்தக் கணக்கிலும் இல்லை.

வீட்டுக்குள் கதை இன்னும் நீளம். முன்பு அம்மை வராதவர்கள் பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது பேர் வரை நோய் தொற்றும். தகப்பனாருக்கு வந்து இரண்டு வாரத்தில் தாயும் மூத்த பிள்ளையும், அதற்கு இரண்டு வாரம் கழித்து இளையவன் என்று சுற்று வரும். ஒருவர் படுத்து எழுந்ததும், பார்த்துக்கொண்டவர் படுக்கிறார். அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அடுப்பு எரிவதே கேள்வியாகிவிடும். வீட்டில் இரண்டாவதாகப் படுப்பவருக்கு முத்துக்கள் முதல் ஆளைவிட அதிகமாக இருப்பதும் உண்டு. நெருங்கிப் பழகியதில் கிருமியை அவர் அதிகம் வாங்கிக்கொள்வதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

வளர்ந்தவர்களுக்கு ஏன்?

ஐரோப்பா, அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில், தடுப்பூசி வருவதற்கு முன்பு, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லோருக்கும் சின்னம்மை வந்துபோய்விடும். வெப்ப நாடுகளில் அப்படியில்லை. மேற்கு வங்கக் கிராமங்களில் சின்னம்மை பெரும்பாலும் வளர்ந்தவர்களைத் தாக்கும் நோயாக இருப்பதை 1976-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. 1984-ல் வேலூரிலிருந்து வந்த ஆய்வு, ஆஸ்பத்திரி ஊழியர்களிடமும் மாணவர்களிடமும் இந்த நோய் பரவும் விதத்தை ஆராய்ந்தது. வெப்பத்தில் கிருமி சீக்கிரம் அழிவதாலா, வீடுகள் தோப்புக்கு நடுவே தள்ளித் தள்ளி இருப்பதாலா என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. விளைவு மட்டும் தெளிவு: சிறு வயதில் தப்பியவர்கள் நிறையப் பேர் இருபது, முப்பது வயதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். அமெரிக்காவில் தடுப்பூசிக்கு முந்தைய கணக்கு இது: சின்னம்மை கண்ட குழந்தைகளில் லட்சத்துக்கு ஒருவர் இறந்தால், 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் லட்சத்துக்கு 25 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் நோய் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வரும்போது அந்தச் சிறிய எண்ணும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. 2024-ல் மார்ச் நடுப்பகுதிக்குள்ளாகவே கேரளத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் சின்னம்மையால் பாதிக்கப்பட்டனர், மரணங்களும் பதிவாயின.

வளர்ந்தவர்களிடம் டாக்டர்கள் அதிகம் அஞ்சுவது நிமோனியாவுக்கு. முத்து கண்ட சில நாட்களில் இருமலும் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் தொடங்கும். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். "அம்மை இறங்குகிறது, பொறுத்துக்கொள்" என்று வீட்டிலேயே வைத்திருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறக்கூடும். ஆஸ்த்மாவுக்கும் மூட்டு வலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்பதால் நோய் நுரையீரல், கல்லீரல் வரை பாயும். இவர்கள் முத்து கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்.

கர்ப்பிணிகளின் விஷயம் தனி. முதல் 20 வாரங்களுக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குக் கை கால் வளர்ச்சிக் குறைவு, கண் பழுது, மூளைப் பாதிப்பு போன்றவை நேரலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து பிரசவத்துக்கு இரண்டு நாள் பின்வரை தாய்க்கு முத்து கண்டால் ஆபத்து சிசுவுக்கு. தாயிடமிருந்து எதிர்ப்பு சக்தி கிடைக்கும் முன்பே கிருமி வந்து சேர்ந்துவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் அப்படிப்பட்ட சிசுக்களில் பத்துக்கு மூன்று வரை இறக்க நேரிடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அம்மை வீட்டுக்குக் கர்ப்பிணி போகக்கூடாது என்று பாட்டிமார் விதித்த தடை வெறும் பயத்தில் எழுந்ததல்ல.

குழந்தைகளுக்குக் கவலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சொறிந்த இடத்தில் வேறு கிருமி புகுந்து சீழ் பிடிப்பது சாதாரணமாகக் காணும் தொல்லை. சில வேளை அது இரத்தத்தில் கலந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது அதற்காகத்தான். அபூர்வமாகச் சில குழந்தைகள் முத்து காயும் நேரத்தில் தள்ளாடி நடக்கும். சிறுமூளை வீக்கம் காரணம், பெரும்பாலும் குணமாகிவிடும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. சின்னம்மைக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் போதும்.

பாட்டியின் அக்கி, பேரனின் அம்மை

ஊரில் யாருக்குமே அம்மை இல்லாத நேரத்தில் திடீரென்று ஒரு குழந்தைக்கு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஒரு கிராமத்து டாக்டர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்சன், தம் நோயாளிகளின் குறிப்புகளைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்துவந்தார். 1965-ல் அவர் வெளியிட்ட முடிவு இது: சின்னம்மை குணமானாலும் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொள்கிறது. முதுமையாலோ நோயாலோ எதிர்ப்பு சக்தி குறையும்போது நரம்பு வழியே வெளியே வந்து, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போடுகிறது.

அதுதான் அக்கி. தென் மாவட்டங்களில் குயவரிடம் போய்க் காவியால் சிங்கம் எழுதிக்கொள்வார்களே, அதே அக்கி. எரிச்சல் தாங்காது, கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கலாம். கண்ணருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. காவி எழுதிக்கொள்வதில் மனத்துக்கு ஆறுதல் இருக்கலாம். ஆனால் முதல் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் அக்கி சீக்கிரம் அடங்கும். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும். பாட்டியின் அக்கிக் கொப்புள நீரிலிருந்து, அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை தொற்றும். ஊரில் அணைந்ததுபோலத் தோன்றும் நெருப்பு இப்படித்தான் ஒரு தலைமுறை கழித்து மறுபடி பற்றிக்கொள்கிறது. குழந்தையின் அம்மையிலிருந்து பாட்டிக்கு அக்கி தொற்றாது; அவருடையது அவருடைய பழைய கிருமிதான்.

முதல் நாளே மருந்து

சின்னம்மைக்கு மருந்தில்லை என்பது பழைய பேச்சு. அசைக்ளோவிர் என்ற மாத்திரை கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. அதை உருவாக்கிய ஆய்வில் முக்கியப் பங்கு கொண்ட கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இந்த மாத்திரைக்கு நேரம் முக்கியம். முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூன்றாம் தண்ணீர் விட்ட பிறகு, "உடம்பு தேறவில்லையே" என்று டாக்டரிடம் போவது, பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் நிற்பதற்குச் சமம். ஆரோக்கியமான குழந்தைக்குப் பல சமயம் இந்த மாத்திரை தேவைப்படாது. வளர்ந்தவர், கர்ப்பிணி, வேறு நோயுள்ளவர் ஆகியோருக்கு வேண்டுமா என்பதை அன்றைக்கே டாக்டர் தீர்மானிக்க வேண்டும்.

வேப்பிலையை எறிந்துவிட வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. தனி அறை, தனிப் பாய், விருந்தினருக்குத் தடை ஆகிய மூன்றும் மருத்துவம் சொல்வதே. எல்லா முத்தும் காய்ந்து பொருக்காகும் வரை, அதாவது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள், நோயாளி வெளியே போகக்கூடாது. வேப்பிலைத் தண்ணீர் விடும் நாளும் ஏறக்குறைய அதற்குப் பிறகே வருகிறது. பழைய வழக்கம் அங்கே நல்ல காவல். சிக்கல் வருவது மருந்தே கூடாது, குளிக்கவே கூடாது, உப்பு கூடாது என்று நீட்டும்போதுதான். காய்ச்சலில் கிடப்பவருக்கு நீரும் நல்ல சாப்பாடும் வேண்டும். இளநீரும் கஞ்சியும் சரி. அவற்றோடு பருப்பும் முட்டையும் கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். உடம்பைத் தேய்க்காமல் தினமும் குளிப்பதால் சீழ் பிடிப்பது குறையும்.

தடுப்பூசியும் உண்டு. ஜப்பானிய டாக்டர் மிச்சியாகி தக்காஹாஷி 1964-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இருந்தபோது அவருடைய சின்ன மகனுக்குச் சின்னம்மை கண்டது. மகன் பட்ட பாட்டைப் பார்த்து, இதற்கு ஊசி காண வேண்டும் என்று முனைந்தார். 1974-ல் அதை உலகுக்கு அறிவித்தார். கிருமி எடுக்கப்பட்ட சிறுவனின் குடும்பப் பெயரான ஓக்கா என்பதே அந்தக் கிருமி வகைக்கும் பெயராயிற்று. இந்திய அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தனியாரிடம் ஒரு ஊசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்; இரண்டு ஊசி வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது சிறிய தொகையல்ல. ஆனால் அம்மை வராத இளம் பெண், கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பம் தரிப்பதற்கு முன்போ போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது. கர்ப்பமான பிறகு இந்த ஊசி போடக்கூடாது. வீட்டில் ஒருவருக்கு முத்து கண்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் மற்றவர்கள் போட்டுக்கொண்டாலும் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும்.

இந்த நோயின் பருவமும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வும் ஒன்றாகவே வருகின்றன. கேரளத்தில் அம்மை கண்ட மாணவர்களுக்குத் தேர்வு மையத்தில் தனி அறை ஒதுக்குவது வழக்கம். ஆகவே மகனுக்கு முத்து கண்டால் மறைக்காமல் தலைமை ஆசிரியரிடம் அன்றே சொல்லிவிடலாம், தேர்வு போய்விடாது. அந்த அறைக் கண்காணிப்புக்கு, முன்பே அம்மை வந்துபோன ஆசிரியர் ஒருவரை அனுப்பும்படி கேட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணி ஆசிரியையை அனுப்பக்கூடாது.